கொலஸ்ட்ராலுக்கு ஆன்ட்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல்: காட்பாடியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 56 வயது. சில வருடங்களாகச் சர்க்கரை. பீடிப் பழக்கம் உண்டு, "இப்போது குறைத்துவிட்டார்". ரத்தப் பரிசோதனையில் மொத்த கொலஸ்ட்ரால் 262, ட்ரைகிளிசரைடு 190, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்டிஎல் 38, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 186. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எழுதினார். சில வாரங்களில் கெண்டைக்கால் வலிக்கிறது என்று அப்பா சொல்ல, நெட்வொர்க் மார்க்கெட்டிங் செய்யும் மாமா ஒருவர் ஆன்ட்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மாதம் 1,850 ரூபாய். "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மூன்று மாதம் சாப்பிடுங்கள், ரத்தக்குழாயே சுத்தமாகிவிடும்" என்றாராம். டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்: வைட்டமின் இ 400 யூனிட், வைட்டமின் சி, பீட்டா கரோட்டின், செலினியம், திராட்சை விதைச் சாறு, கிரீன் டீ சாறு, கோஎன்சைம் க்யூ10, பயோட்டின். இதைச் சாப்பிடலாமா, மாத்திரையோடு சேர்த்தாவது சாப்பிடலாமா என்பது கேள்வி.

நான் குடியாத்தம் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறவன். இந்தக் கேள்வி வேறு வேறு டப்பாக்களின் வடிவில் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கிறது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாத்திரைக்குப் பதிலாக வேண்டவே வேண்டாம். மாத்திரையோடு சேர்த்தும், உங்கள் அப்பா விஷயத்தில், வேண்டாம். ஏன் என்பதுதான் மீதிக் கதை. அது கொஞ்சம் நீளமானது, ஏனென்றால் உங்கள் மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

உண்மையான பாதி இது. எல்டிஎல் என்பது கொலஸ்ட்ராலை ரத்தத்தில் சுமந்து செல்லும் துகள். ரத்தத்தில் அது அளவுக்கு மீறி இருந்தால் குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து தங்கிவிடும். தங்கிய இடத்தில் அது ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது, அதாவது வேதிமாற்றம் அடைந்து கெட்டுப்போகிறது. கெட்டுப்போனதைக் கண்ட வெள்ளணுக்கள் அதை அந்நியப் பொருளாக நினைத்து விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி வீங்கி, நுரை செல்களாக மாறி அங்கேயே கிடக்கின்றன. ரத்தக்குழாய் அடைப்பின் தொடக்கம் அதுதான். 1989-ல் டேனியல் ஸ்டெயின்பெர்க்கும் அவரது சகாக்களும் இதைத் தெளிவாக எழுதியபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்தான் ஆன்ட்டிஆக்ஸிடன்ட்; வைட்டமின் இ, சி எல்லாம் அந்த வகை. ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுத்துவிட்டால் மாரடைப்பைத் தடுத்துவிடலாமே என்று யோசித்தவர்கள் டப்பா விற்பவர்கள் அல்ல, பெரிய பெரிய விஞ்ஞானிகள்தான்.

1993-ல் அமெரிக்க நர்சுகளையும், மருத்துவத் துறையில் வேலை செய்யும் ஆண்களையும் பல வருடம் பின்தொடர்ந்த இரண்டு ஆய்வுகள் வந்தன. வைட்டமின் இ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அப்புறம் என்ன, கடைகளில் வைட்டமின் இ பறந்தது. ஆனால் இந்த மாதிரி ஆய்வில் ஒரு சிக்கல் உண்டு. தன் காசில் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர் பொதுவாக நடக்கவும் செய்வார், சிகரெட் பிடிக்க மாட்டார், பிரஷர் பார்த்துக்கொள்வார். மாத்திரை காப்பாற்றியதா, மற்ற பழக்கங்கள் காப்பாற்றினவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க ஒரே வழி, ஆயிரக்கணக்கானவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிஜ மாத்திரையும் மறுபாதிக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் கொடுத்து வருடக்கணக்கில் காத்திருப்பதுதான்.

காத்திருந்தார்கள். முடிவுகள் வந்தன.

2000-ல் வெளியான ஹோப் ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 55 வயதைத் தாண்டியவர்கள். ஏற்கெனவே ரத்தக்குழாய் நோய் இருந்தவர்கள், அல்லது சர்க்கரையோடு புகை, பிரஷர், கொலஸ்ட்ரால் என்று இன்னொரு ஆபத்தும் சேர்ந்து இருந்தவர்கள். படித்துப் பாருங்கள், உங்கள் அப்பாவே அதில் சேரத் தகுதி உள்ளவர்! கொடுத்த அளவும் உங்கள் டப்பாவில் இருக்கிற அதே 400 யூனிட் வைட்டமின் இ. நாலரை வருடம் கழித்து மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் எதிலும் வெற்று மாத்திரையைவிட ஒரு பயனும் இல்லை.

அடுத்து 2002-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு. இதய நோயோ, வேறு ரத்தக்குழாய் நோயோ, சர்க்கரையோ இருந்த 20,536 பேர். இந்த ஆய்வு எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் ஒரே கூட்டத்தில் இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டார்கள். தினமும் 600 மில்லிகிராம் வைட்டமின் இ, 250 மில்லிகிராம் வைட்டமின் சி, 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் ஒரு பக்கம். சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் என்ற ஸ்டாட்டின் மாத்திரை இன்னொரு பக்கம். ஐந்து வருடம். ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தன. வைட்டமின் கலவை சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் வைட்டமின் அளவு நன்றாகவே ஏறியது. மாரடைப்பு மட்டும் குறையவில்லை. போதாததற்கு அவர்களது எல்டிஎல்லும் ட்ரைகிளிசரைடும் ஒரு சிறிதளவு கூடியிருந்தன. கொலஸ்ட்ராலைக் குறைக்கச் சாப்பிடுகிற பொருள் அதைக் கூட்டினால் அதை என்னவென்று சொல்வது?

மாமாவிடம் இதைச் சொன்னால், "எங்களுடையதில் இன்னும் நிறைய சேர்ந்திருக்கிறது" என்பார். சேர்ந்திருப்பதுதான் எனக்குக் கவலை. 2001-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் இதய நோயாளிகளுக்குச் சிம்வாஸ்டாட்டினும், ஹெச்டிஎல்லை ஏற்றும் நியாசினும் கொடுத்தார்கள், நல்ல பலன் கிடைத்தது. ஒரு பிரிவினருக்கு அதோடு வைட்டமின் இ, சி, பீட்டா கரோட்டின், செலினியம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். உங்கள் டப்பாவின் முதல் நாலு வரியேதான். சேர்த்தவர்களுக்கு ஹெச்டிஎல் ஏறவேண்டிய அளவு ஏறவில்லை, மருந்தின் பலன் மழுங்கியது. "மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் கெடுதல் இல்லையே" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

கொள்கை சரியாக இருந்தும் மாத்திரை ஏன் தோற்றது? குழாய்ச் சுவருக்குள் எல்டிஎல் கெடுவதற்குப் பல வழிகள் உண்டு. வைட்டமின் இ எல்லா வழியையும் அடைப்பதில்லை. அடைப்பு உருவாவது இருபது முப்பது வருட வேலை, அறுபது வயதில் கேப்ஸ்யூல் தொடங்கினால் பழையது கரையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே நுழையும் எல்டிஎல் எத்தனை என்பதுதான் அடிப்படை. அது 186-ஆகவே இருக்கும்வரை உள்ளே போனது கெடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்பது நடக்காத காரியம். எல்டிஎல்லைக் குறைத்தால் கெடுவதற்கே சரக்கு இருக்காது. ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்துக் கண்டது. அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எல்டிஎல்லைச் சுமார் 40 சதவீதம் குறைக்கும். அப்பாவின் 186, 110 பக்கம் வரும். சர்க்கரையும் பீடியும் இருப்பதால் அதுவும் போதாது என்று டாக்டர் அளவைக் கூட்டலாம், அல்லது எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்க்கலாம். பயப்பட வேண்டாம், அது வழக்கமானதுதான்.

இப்போது அந்த அயோடின் வித்தைக்கு வருகிறேன். நீங்கள் எழுதவில்லை, ஆனால் மாமா நிச்சயம் செய்து காட்டியிருப்பார். ஒரு டம்ளர் தண்ணீர். அதில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தான பீட்டாடைன் நாலு சொட்டு. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். "இதுதான் உங்கள் ரத்தத்தில் இருக்கிற அழுக்கு." கேப்ஸ்யூலைத் திருகிப் பொடியைக் கொட்டி ஸ்பூனால் கலக்குவார். கண்ணெதிரே தண்ணீர் தெளிந்துவிடும். கூட்டத்தில் இருப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள், அந்த இடத்திலேயே ரெண்டு டப்பா விற்கும். நடந்தது என்னவென்றால், வைட்டமின் சி அயோடினோடு வினைபுரிந்து அதை நிறமற்ற அயோடைடாக மாற்றிவிட்டது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பிள்ளைகள் செய்கிற சோதனை. மார்க்கெட்டில் வாங்கிய பெரிய நெல்லிக்காயை இடித்துச் சாறு பிழிந்து விட்டாலும் அதே மாதிரி தெளியும். வீட்டில் செய்து பாருங்கள், மாமாவையும் கூப்பிட்டு வைத்துச் செய்தால் இன்னும் நல்லது. டம்ளரில் அயோடின் தெளிந்ததற்கும் இதயக் குழாயில் கொழுப்பு கரைவதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இதே வகைதான் டப்பாவில் போடும் "ஓராக்" எண். சோதனைக்குழாயில் ஒரு பொருள் எவ்வளவு ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்ற அளவு அது. அமெரிக்க வேளாண் துறை ஒரு காலத்தில் இதற்குப் பெரிய பட்டியலே வைத்திருந்தது. அந்த எண்ணுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, விற்பனைக்காகத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012-ல் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். இங்கே இன்னும் அந்த எண்ணை அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, பயன் இல்லாவிட்டால் போகட்டும், காசுதானே போச்சு என்று விட்டுவிடலாமா? உங்கள் அப்பாவுக்கு முடியாது. காரணம் பீடி.

பீட்டா கரோட்டின் என்பது கேரட்டிலும் பப்பாளியிலும் கீரையிலும் இருக்கும் மஞ்சள் சத்து. அப்படி உணவாகச் சாப்பிட்டால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் மாத்திரையாக, தினமும் 20 மில்லிகிராம், புகைபிடிப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் 29,133 ஆண்கள், எல்லோரும் புகைபிடிப்பவர்கள். நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் தொடங்கிய ஆய்வு அது. 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். நம்ப முடியாமல் அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த இன்னொரு ஆய்வைப் பார்த்தார்கள். அங்கே பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-வும் கொடுத்தார்கள். 28 சதவீதம் அதிகம். அதைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 2022-ல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, இதய நோயையோ புற்றுநோயையோ தடுப்பதற்காகப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் இ-யும் சாப்பிட வேண்டாம் என்றே எழுதிவிட்டது. நம் பக்கம் குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் என்று பீடி சுற்றுகிற ஊர்கள். வீட்டுக்கு வீடு பீடி பிடிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குள் இந்த டப்பா போவதை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. அதை விற்பவருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, மாமாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். வைட்டமின் இ 400 யூனிட்: அமெரிக்காவில் முப்பத்தைந்தாயிரம் ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்த்த ஆய்வில், 2011-ல் வந்த முடிவு, அதைச் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதல் என்பது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபாரின் சாப்பிடுகிறவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் இ ரத்தக்கசிவையும் கூட்டும். வைட்டமின் சி அளவு மீறிப்போனால் ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் வாய்ப்பு கூடுகிறது. நம் ஊர் சித்திரை வெயிலில் ஏற்கெனவே ஆளுக்கொரு கல் வைத்துக்கொண்டிருக்கிறோம். கிரீன் டீ குடிப்பது வேறு, அதன் சாற்றைச் செறிவாக்கிக் கேப்ஸ்யூலில் அடைத்துச் சாப்பிடுவது வேறு. பின்னதில் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் இதைப் பரிசீலித்து, அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் என்சைம் ஏறுகிறது என்று சொன்னது. இதில் இன்னொரு கூத்து நடக்கும். எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம் ஏறியிருப்பதைப் பார்க்கும் டாக்டர், நீங்கள் கேப்ஸ்யூலைச் சொல்லாவிட்டால், ஸ்டாட்டின்தான் காரணம் என்று அதை நிறுத்திவிடுவார். தப்பு செய்தவன் ஒருவன், அடி வாங்குபவன் இன்னொருவன்.

கடைசியில் பயோட்டின். முடி வளரும் என்று இப்போது எல்லாவற்றிலும் இதைச் சேர்க்கிறார்கள். அளவு அதிகமானால் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே தவறாகக் காட்டும், முக்கியமாகத் தைராய்டு. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையிலும் அளவைக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017-ல் எச்சரித்தது. நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தில் அது எவ்வளவு பெரிய விபரீதம்! எந்தச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் ரத்தம் எடுப்பதற்கு முன் லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

கோஎன்சைம் க்யூ10-ஐத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் அது கால் வலியோடு சம்பந்தப்பட்டது. ஸ்டாட்டின் உடலில் க்யூ10 அளவைக் குறைக்கிறது என்பது உண்மை. அதனால்தான் தசை வலி வருகிறது, க்யூ10 கொடுத்தால் போய்விடும் என்பது தர்க்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் ஒரே மாதிரி பதில் சொல்லவில்லை. பெரும்பாலானவற்றில் வித்தியாசம் இல்லை. பெரிய கெடுதல் இல்லாத பொருள்தான், வார்ஃபாரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் தொடக்கூடாது.

அப்பாவின் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. வலிக்கிறது. மாத்திரையால்தான் வலிக்கிறதா என்பதுதான் கேள்வி. 2020-ல் லண்டனில் ஒரு சுவையான ஆய்வு செய்தார்கள். பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேர். ஒரு மாதம் ஸ்டாட்டின், ஒரு மாதம் வெற்று மாத்திரை, ஒரு மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, தினமும் வலிக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். எது எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்தது. மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற எண்ணமே வலியைக் கொண்டுவருகிறது. அதற்காக நிஜமான தசைப் பாதிப்பு இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. தசை அசைக்க முடியாத அளவு வலி, பலவீனம், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்பாவுடையது மாதிரி கெண்டைக்கால் வலி என்றால் தசைப் பாதிப்பைக் காட்டும் சிபிகே பரிசோதனை, தைராய்டு, வைட்டமின் டி பார்க்கச் சொல்வேன். தைராய்டு குறைவாக இருந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் வலிக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எல்லாம் சரியாக இருந்தால் அளவைக் குறைக்கலாம், அல்லது ரோசுவாஸ்டாட்டின் என்ற வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். இன்னொன்று, நடந்தால் மட்டும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுப்போகிறது என்றால் அது மாத்திரை வலியாக இருக்க வாய்ப்பு குறைவு. பீடி பிடிப்பவர்களுக்குக் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலும் அப்படித்தான் வலிக்கும். இதை அப்பாவிடம் இன்றைக்கே கேளுங்கள்.

"இங்கிலீஷ் மாத்திரை ரசாயனம், இது இயற்கை" என்ற வாதத்துக்கும் ஒரு வார்த்தை. ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியரான அகிரா எண்டோ. 1970-களில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, அரிசியில் வளர்ந்த ஒரு பச்சைப் பூஞ்சையிலிருந்து எடுத்தார். சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று இயற்கை மருந்தாக விற்கிறார்களே, அதில் வேலை செய்வதும் மோனகோலின் கே என்ற பொருள்தான். அது லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தேதான், ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். 2024-ல் ஜப்பானிலேயே அப்படி ஒரு கொலஸ்ட்ரால் சப்ளிமென்டில் வேறு பூஞ்சையின் நஞ்சு கலந்து, சாப்பிட்டவர்களில் பலருக்குச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று.

பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை என்று அடுத்து கேட்பீர்கள். 2022-ல் 190 பேரிடம் 28 நாள் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆறும் தனித்தனியே ஒரு பக்கம். ரோசுவாஸ்டாட்டின் வெறும் 5 மில்லிகிராம் இன்னொரு பக்கம். வெற்று மாத்திரை ஒரு பக்கம். ரோசுவாஸ்டாட்டின் எல்டிஎல்லை ஏறத்தாழ 38 சதவீதம் குறைத்தது. ஆறு சப்ளிமென்டில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. பூண்டு சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் கொஞ்சம் ஏறியே இருந்தது. பூண்டை ரசத்தில் போடுங்கள், கேப்ஸ்யூலில் வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர், தேன் கஷாயத்தையும் இதே கணக்கில் வையுங்கள். அதிலும் தேன் உங்கள் அப்பாவின் சர்க்கரைக்கு ஆகாது. நெல்லிக்காய் கொஞ்சம் குறைக்கிறது என்று சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. காயாகச் சாப்பிடட்டும், சந்தோஷம்.

அந்த 1,850 ரூபாயை என்ன செய்யலாம்? ஸ்டாட்டினை ஜெனரிக்காக மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினால் மாதம் நூறு ரூபாய்க்குள் முடியும். மீதியில் இசப்கோல் வாங்குங்கள். மலச்சிக்கலுக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து குடித்தால் எல்டிஎல் ஐந்து முதல் பத்து சதவீதம்வரை குறைகிறது. ஆன்ட்டிஆக்ஸிடன்ட் டப்பா எதுவும் காட்டாத பலன் இது, அதுவும் ஸ்டாட்டினுக்கு மேல் கூடுதலாக. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் குடிக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். தினமும் ஒரு கிண்ணம் காராமணி, கொள்ளு, மொச்சை, துவரை என்று ஏதாவது ஒரு பருப்பு வகை சேர்ந்தால் இன்னும் ஒரு ஐந்து சதவீதம். கேழ்வரகுக் களியும் காராமணிக் குழம்பும் நம் வடாற்காட்டுக்காரர்களுக்குப் புதிதா என்ன? பாட்டி காலத்துச் சாப்பாடு. அதை விட்டுவிட்டு மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, இட்லி, தோசை என்று போனதில்தான் ட்ரைகிளிசரைடு 190-க்கும் ஹெச்டிஎல் 38-க்கும் வந்து நிற்கிறோம். வேலூர் சிஎம்சி ஆராய்ச்சியாளர்கள் வேலூர் நகரத்திலும் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களிலும் 1991–94-ல் ஒரு முறையும் 2010–12-ல் ஒரு முறையும் கணக்கெடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் சர்க்கரையும் உடல் பருமனும் கிராமத்திலும் வெகுவாக ஏறியிருந்தன. நகரத்துக்காரர் வியாதி என்று இனி ஒதுக்க முடியாது.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று. ரேஷன் பாமாயிலில் நிறைகொழுப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல், கடலை எண்ணெயில் அதில் பாதிகூட இல்லை. நம் பக்கம் கடலை விளைகிற மண், செக்கு எண்ணெய் கிடைக்கிறது. அளவோடு அதையே பயன்படுத்துங்கள். ஆம்பூர் பிரியாணியை நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை, அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன். வாரம் ஒன்று என்பதை மாதம் ஒன்று ஆக்கட்டும், சோற்றைப் பாதியாக்கி, பக்கத்தில் வைக்கிற கத்திரிக்காயை இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளட்டும். ஆற்காடு மக்கன் பேடாவுக்கு மட்டும் சமாதானம் கிடையாது. எண்ணெயில் பொரித்து, பாகில் ஊறி, உள்ளே முந்திரியும் வைத்து வருகிறது. சர்க்கரைக்காரர் அந்தக் கடைப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

மாமாவைப் பற்றி. சட்டப்படி அந்த டப்பா மருந்து அல்ல, உணவுச் சப்ளிமென்ட். மருந்தாக விற்க வேண்டுமென்றால் பலன் உண்டு என்று ஆய்வில் நிரூபிக்க வேண்டும், இதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதன் மேலேயே அச்சடித்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. நீங்கள் அனுப்பிய படத்தில் இடது ஓரத்தில் அது இருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள். மாமா வந்தால் சண்டை போட வேண்டாம், அந்த வரியைக் காட்டுங்கள் போதும். உறவும் கெடக்கூடாது என்றால் அவரிடம் சோப்பும் பற்பசையும் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் உயிருக்கு ஆபத்தில்லை.

இனி செய்ய வேண்டியது. அப்பா மாத்திரையை நிறுத்தியிருந்தால் டாக்டரைப் பார்த்துக் கால் வலியைச் சொல்லி மறுபடி தொடங்கட்டும். தொடங்கிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் அதே லேபில் மீண்டும் லிப்பிட் பரிசோதனை. எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் அடுத்த முடிவு. பீடி விஷயத்தில் "குறைத்துவிட்டார்" என்பது போதாது, ஒன்றிரண்டு பீடிகூட இதயத்துக்குக் கெடுதல்தான். நிறுத்துவதற்கு நிக்கோட்டின் சூயிங்கம் மாதிரி உதவிகள் இருக்கின்றன, டாக்டரிடமே கேட்கலாம்.

அப்புறம் உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. அப்பாவின் எல்டிஎல் 186. 190-ஐத் தாண்டினால் பரம்பரையாக வருகிற வகையா என்று பார்ப்பது எங்கள் வழக்கம், இது அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா வழியில் யாராவது 55 வயதுக்கு முன்னால் மாரடைப்பில் போயிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கண் இமையோரம் மஞ்சள் திட்டு, குதிகாலுக்கு மேல் தசைநாணில் தடிப்பு இருக்கிறதா என்றும் அப்பாவைப் பாருங்கள். எதுவாக இருந்தாலும், அப்பாவை அடுத்த பரிசோதனைக்கு அழைத்துப் போகும் அன்றைக்கு நீங்களும், அண்ணன் தம்பி அக்கா தங்கை இருந்தால் அவர்களும், ஆளுக்கு ஒரு லிப்பிட் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.